ஜூலி உயிரோடு இருக்க வேண்டிய பதினான்கு நாட்கள்

இருபத்திரண்டு வருடமாகத் தபால்காரனாக இருக்கிறேன். எங்கள் தேயிலைத் தோட்டமும் பக்கத்து இரண்டு தோட்டங்களும் என் பொறுப்பு. ஹட்டனிலிருந்து வரும் பையைப் பிரித்து எடுத்துக்கொண்டு, மழை பனி பாராமல், தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களில் லயம் லயமாக ஏறி இறங்குகிறேன். லயத்துக்கு நாலு நாயாவது இருக்கும். குரைத்திருக்கின்றன, துரத்தியிருக்கின்றன, ஒன்று என் காற்சட்டையைக் கிழித்திருக்கிறது. ஆனால் எதுவும் கடித்ததில்லை. கடைசியில் என்னைக் கடித்தது நான் சோறு போட்டு வளர்த்த நாய். இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள், நானும் சேர்ந்து சிரித்து வைக்கிறேன்.

வலது கை ஆள்காட்டி விரல் இன்னும் முழுதாக மடங்கவில்லை. மேல் உதட்டில் ஒரு தழும்பு. இரண்டையும் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு கதை வைத்திருக்கிறேன். அந்தக் கதை நான் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புவதோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு நடந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

ஜூலிக்கு அப்போது எட்டு மாதம். என் மகள் நிரோஷா, உயர்தர வகுப்பு படிக்கிறவள், பள்ளிக்கூடத் தோழி வீட்டிலிருந்து தூக்கி வந்த பெட்டைக் குட்டி. செம்மண் நிறம், கழுத்தில் மட்டும் வெள்ளை. எங்கள் லயத்துக்குப் பின்னால் எனக்கு இரண்டு பாத்தி கோவாவும், அதாவது முட்டைக்கோஸும், ஒரு பாத்தி லீக்ஸும் உண்டு. அந்த வருடம் மழை விடாமல் பெய்ததில் ஓடில்லாத நத்தைகள் கூட்டம் கூட்டமாக வந்து கோவாவைச் சல்லடையாக்கின. கடையில் நத்தைக்கு மருந்துக் குருணை விற்கிறார்கள். ஜூலி தின்றுவிட்டால் செத்துப்போகுமே என்று நான் அதை வாங்கவில்லை. விடிந்ததும் ஒரு டின்னை எடுத்துக்கொண்டு போய் நத்தைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன்.

பொறுக்கியதை ஏன் வீணாக்க வேண்டும் என்று கல்லில் வைத்து நசுக்கிப் புண்ணாக்கோடு பிசைந்து கோழிகளுக்கு வைத்தேன். கோழிகள் முட்டையை அள்ளிப் போட்டன. தபால் கொடுக்கப் போன லயத்திலெல்லாம் இந்த யோசனையைச் சொல்லிப் பெருமையடித்தேன். கோழிகள் தின்ற தட்டை ஜூலி நக்கித் துடைப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தட்டுக் கழுவும் வேலை மிச்சம் என்று நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை ஜூலியின் வால் ஆடவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முகம் மலர்ந்தது, வால் மட்டும் ஈரத்துணி மாதிரித் தொங்கியது. யாரோ கல்லால் அடித்திருப்பார்கள் என்றாள் என் மனைவி மகேஸ்வரி. ஞாயிற்றுக்கிழமை பின்னங்கால்கள் பின்னின. திங்கட்கிழமை காலையில் பின்பாதி உடம்பைத் தரையோடு இழுத்துக்கொண்டு வாசல் சேற்றில் கிடந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. உள்ளே கொண்டு போகலாம் என்று குனிந்து முதுகோடு சேர்த்துத் தூக்கினேன்.

அந்த மாதிரி ஒரு நாய் அலறி நான் கேட்டதில்லை. அலறிக்கொண்டே திரும்பி முதலில் உதட்டைக் கடித்தது, பிறகு கையை. கையைக் கடித்தபோது பல்லை விடவே இல்லை. என் வாயெல்லாம் இரத்தம். மகேஸ்வரி பதறிப்போய் என் கையில் காப்பித்தூளை அள்ளி அப்பினாள்.

அவளுடைய அண்ணன் தங்கவேல் அதே லயத்தின் கடைசிக் காம்பிரா வீட்டில் இருக்கிறார். எங்கள் டிவிஷனின் தொழிற்சங்கத் தலைவரும் அவர்தான். சத்தம் கேட்டு வந்தவர் ஜூலியைப் பார்த்தார், அதன் வாயில் ஒழுகிய எச்சிலைப் பார்த்தார், திரும்பிப் போய் இரும்புக் கடப்பாரையான அலவாங்கை எடுத்து வந்தார்.

"விசருதான். கால் இழுத்துக்கிச்சு, வாயில நொர தள்ளுது. இன்னும் யாரையாச்சும் கடிக்கிறதுக்குள்ள முடிச்சிருவோம். தள்ளுங்க மாப்ள."

நாய்க்கு வெறி பிடிப்பதை விசர் என்போம். எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் விசாரணை கிடையாது. நானும் தடுக்கவில்லை. கையைத் துண்டால் சுற்றிக்கொண்டு, "செய்யிறதச் செய்யிங்க மச்சான்" என்றேன். பிள்ளைகள் உள்ள லயம், அவர் செய்வது சரியென்றே எனக்குப் பட்டது. குறுக்கே விழுந்தவள் நிரோஷாதான். ஆஸ்பத்திரியில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், அப்பா போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுவார் என்று மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மருமகள் அழுதால் தங்கவேலுக்குத் தாங்காது. அலவாங்கைக் கீழே போடாமலே, "ஒரு மணி நேரம் பாப்பேன்" என்றார்.

டவுன் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் மிஸ் காப்பித்தூளைப் பார்த்துவிட்டுக் கத்தினார். குழாயடியில் நிறுத்தி, சவர்க்காரம் போட்டுக் கால் மணி நேரம் கழுவ வைத்தார். பிறகு ஒரு டாக்டர் வந்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, முப்பது வயதுகூட இருக்காது. உதட்டைப் பார்த்ததும் அவருடைய முகம் மாறியதைக் கவனித்தேன்.

"முகத்தில கடிச்சிருக்கு. மூளைக்குக் கிட்ட. அதால ஆஸ்பத்திரி வாட்டில நிக்கோணும் ஐயா. நாய் எங்கை இப்ப?"

"வீட்டுல இருக்குங்க. அடிச்சுக் கொல்லப் போறாங்க."

"ஐயோ, வேண்டாம்! உடனை போன் எடுங்கோ. கொல்ல வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. கட்டி வைச்சுப் பதினாலு நாள் பாக்கோணும். அது உயிரோடை இருந்தா உங்களுக்கு விசர் வராது."

அவர் விளக்கியது இதுதான். விசர்க் கிருமி நாயின் எச்சிலுக்கு வரும்போது நாயின் மூளையும் கெட ஆரம்பித்திருக்கும். அதன்பின் அந்த நாய் சில நாள்தான் இருக்கும். கடித்த நாய் பதினான்கு நாள் தாண்டியும் உயிரோடு இருந்தால், கடித்த அன்றைக்கு அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று அர்த்தம். இடையில் செத்தால் எதனால் செத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. தலையை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொழும்புக்கு அனுப்பிப் பரிசோதிக்க வேண்டும். மண்டையை அடித்து நொறுக்கியிருந்தால் அதுவும் முடியாது. மனிதனுக்கு ஒருமுறை விசரின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் மருந்தில்லை. தோன்றுவதற்கு முன்னால் போடும் ஊசிதான் எல்லாம்.

போன் போட்டேன். மகேஸ்வரி எடுத்தாள். "அடிக்க வேணாம்னு சொல்லு. அது செத்தா நான் போச்சு" என்றேன். அவள் போனைக் கீழே வைக்காமலே வெளியில் ஓடிக் கத்தியது கேட்டது. "அண்ணே, தொட்டீங்கன்னா பாருங்க! என் புருசன் உசுரு அதுலதான் இருக்கு!"

எனக்குப் போட வேண்டிய மருந்து இரண்டு வகை. ஒன்று தடுப்பூசி. முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பிறகு ஒரு மாதம் கழித்து. அது உடம்புக்கு மெதுவாகத்தான் பலம் கொடுக்கும். அதுவரைக்கும் தாங்குவதற்கு இன்னொரு மருந்தைக் காயத்தைச் சுற்றியே ஏற்றுவார்கள். குதிரையின் இரத்தத்திலிருந்து எடுப்பது. சிலருடைய உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால் கையில் துளி போட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்கள். உதட்டுக்குள் ஊசி போன வலியைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. பாதி மருந்து ஏறியபோது உள்ளங்கை அரித்தது. நெஞ்சை யாரோ இறுக்குகிற மாதிரி இருந்தது. மிஸ் என்னவோ சிங்களத்தில் கூவினார். திரையை இழுத்தார்கள், தொடையில் ஒரு ஊசி இறங்கியது, மூக்கில் குழாய் வந்தது. கண் விழித்துப் பார்த்தபோது டாக்டர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"பாதிதான் ஏத்தினம். மிச்சத்தை ஏத்த ஏலாது. மனுச இரத்தத்தில இருந்து எடுக்கிறது ஒண்டு இருக்கு, கேட்டுப் பாக்கிறம்."

மருந்துத் தட்டுப்பாட்டுக் காலம். இரண்டு நாள் அங்கும் இங்கும் கேட்டுவிட்டுக் கிடைக்கவில்லை என்றார்கள். பாதி போனதும் பலன் தரும், தடுப்பூசியும் வேலை செய்யும், பயப்பட வேண்டாம் என்றார் டாக்டர். ஒவ்வொரு நாளும் அதைச் சொல்லிவிட்டு, போகிற போக்கில், "நாய் இருக்குத்தானே?" என்றும் கேட்பார். முன்னால் சொன்ன ஆறுதலெல்லாம் அந்த ஒரு கேள்வியில் கரைந்துவிடும்.

இதற்கிடையில் கை வீங்கி முழங்கை வரைக்கும் சிவந்துவிட்டது. அதற்கு வேளைக்கு ஒரு ஊசி. ஆகவே வாட்டிலேயே கிடந்தேன்.

வீட்டில் ஜூலியை முன்பு ஆடு கட்டிய கொட்டிலில் கட்டினார்கள். மகேஸ்வரி தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகவில்லை. தங்கவேலின் கோடாரிக் கைப்பிடியில் ஒரு கரண்டியைக் கட்டி, தூரத்திலிருந்தே சோறும் தண்ணீரும் வைத்தாள். காலையில் ஜூலியைக் கொல்ல அலவாங்கோடு வந்த தங்கவேல், சாயங்காலம் லயம் முழுக்கப் போய், அந்த நாயின் மேல் ஒரு கல் விழுந்தாலும் கல் எறிந்தவன் வீட்டுக் கதவைக் கழற்றுவேன் என்று சொல்லிவிட்டு வந்தாராம். மாரியம்மன் கோயிலில் நேர்த்தியும் வைத்துவிட்டார். பதினாலாம் நாள் தாண்டினால் மறுநாள் லயமே சேர்ந்து பொங்கல். அதுவரைக்கும் அவர் சாராயம் தொட மாட்டார். அவரைத் தெரிந்தவர்களுக்குத்தான் இது எவ்வளவு பெரிய நேர்த்தி என்று விளங்கும்.

நிரோஷா தினமும் காலையில் ஜூலியை வீடியோ எடுத்து என் போனுக்கு அனுப்பினாள். நான் முகத்தைப் பார்ப்பதில்லை, வயிற்றைத்தான் பார்ப்பேன். ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். ஏறி இறங்கினால் அன்றைக்குத் தேநீர் இறங்கும். மூன்றாம் நாளைக்குள் வாட்டில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. பக்கத்துக் கட்டிலில் கினிகத்தேனைக் கடைக்காரர் ஒருவர், சர்க்கரைப் புண்ணோடு வந்தவர், விடிந்ததும் "தபால், பல்லா கொஹொமத?" என்பார். நாய் எப்படி என்று. போனைக் காட்டினால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்து, "ஹொந்தாய், ஹொந்தாய்" என்று, நல்லது நல்லது எனத் தலையாட்டுவார். என் கை எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் நிரோஷா எனக்குப் போன் எடுத்தாள். மூச்சு வாங்கியது.

"அப்பா, மாட்டு டாக்டர் வந்து பாத்தாங்க. விசர் மாதிரி தெரியலயாம்."

தோட்டத்துப் பசுக்களுக்கு ஊசி போட அரசாங்கக் கால்நடை டாக்டர் அன்றைக்கு வந்திருக்கிறார். சிங்களப் பெண், தோட்டம் தோட்டமாகப் போய்ப் போய் ஓரளவு தமிழ் பேசுவார். மாட்டைத் தவிர வேறு எதற்கும் அவரை யாரும் கூப்பிட்டதில்லை. நிரோஷா ரோட்டில் இறங்கி வாகனத்தை மறித்திருக்கிறாள். அவர் தடித்த கையுறை போட்டுக்கொண்டு அரை மணி நேரம் ஜூலியைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். தண்ணீரைத் தள்ளி வைத்தார், குடித்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டார், காதை நிமிர்த்தியது. ஒரு குச்சியால் வாலைத் தொட்டார், உணர்வே இல்லை. முதுகைத் தொட்டதும் அலறியது. பிறகு, "இது நத்தை சாப்பிட்டதா?" என்று கேட்டார்.

நிரோஷா கோழித் தட்டைப் பற்றிச் சொன்னாள்.

அந்த நோயை அவர் அவளுக்கு விளக்கினார். அவள் எனக்குச் சொன்னாள். எலியின் நுரையீரலில் ஒரு புழு இருக்கிறது. அதன் குஞ்சுகள் எலிப் புழுக்கையோடு வெளியில் வரும். அந்தப் புழுக்கையை நத்தை தின்னும், நத்தையை நாய் தின்னும். புழுக்குஞ்சுக்கு நாய் சரியான வீடு இல்லை, ஆனால் அதற்கு அது தெரியாது. எலிக்குள் போகிற அதே வழியைத் தேடிக்கொண்டு நாயின் முள்ளந்தண்டு நரம்புக்கும் மூளைக்கும் போய்விடும், அங்கிருந்து வெளியேற வழியில்லாமல் நிற்கும். நாயின் உடம்பு அதோடு சண்டை போடும். அந்தச் சண்டையில் வருகிற வீக்கம்தான் வாலையும் காலையும் விழுத்துகிறது. புழுவைக் கொல்லும் மருந்து கொடுத்தால் எல்லாப் புழுவும் ஒன்றாகச் செத்து வீக்கம் இன்னும் கூடிவிடும். அதனால் வீக்கத்தை அடக்கும் மாத்திரைதான் கொடுக்க வேண்டும், ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு. திடீரென்று மட்டும் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் வீக்கம் திரும்பி வரும், உடம்பும் தாங்காது என்று மூன்று தடவை சொன்னாராம். பச்சைக் கீரையை நன்றாகக் கழுவாமல் சாப்பிட்டால் மனிதருக்கும் இது வரலாம் என்றும் எச்சரித்திருக்கிறார்.

"அப்ப நத்தையாலதானா? கோழித் தட்டாலதானா?" என்று நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். ஆமாம் என்றாள். என் கையாலேயே அந்தக் குட்டிக்கு நோயைப் பிசைந்து வைத்திருக்கிறேன் என்பது அந்தச் செய்தியின் அர்த்தம். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கடைக்காரரைக் கட்டிப் பிடித்தேன்.

"ஆனா நூத்துக்கு நூறு சொல்ல மாட்டாங்களாம் அப்பா. பதினாலு நாள் பாத்தே ஆகணுமாம்" என்றாள் நிரோஷா. சந்தோஷம் அவ்வளவுதான்.

எட்டாம் நாள் எனக்குக் காய்ச்சல் வந்தது. மூட்டெல்லாம் வலித்தது, உடம்பில் தடிப்புத் தடிப்பாக எழும்பியது. விசர் காய்ச்சலில் ஆரம்பிக்கும் என்று எனக்குத் தெரியும். நண்பகல், பார்வையாளர் நேரம். எல்லாக் கட்டிலைச் சுற்றியும் ஆட்கள். நான் எழும்பிக் குழாயடிக்குப் போனேன். விசர் வந்தவனுக்குத் தண்ணீரைக் கண்டால் தொண்டை இறுகும் என்பார்கள். குழாயைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் ஆகவில்லை. ஒரு கோப்பை குடித்தேன். இன்னொன்று குடித்தேன். மூன்றாவது கோப்பையில் பயத்திலேயே தொண்டை அடைத்து, தண்ணீர் மூக்கால் வந்தது. அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டேன். மகேஸ்வரி கஞ்சிப் போத்தலோடு வந்தவள் என்னை அங்கேதான் கண்டாள். என்ன ஏது என்று கேட்காமல் அவளும் ஈரத்தில் உட்கார்ந்து என் முதுகைத் தடவினாள்.

"நாய் சாப்பிட்டுச்சா?" என்று கேட்டேன்.

"நல்லா சாப்பிட்டுச்சுங்க."

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இது குதிரை மருந்துக்கு உடம்பு ஒரு கிழமை கழித்துக் காட்டும் கோபம், சிலருக்கு வரும், மூன்று நாலு நாளில் போய்விடும் என்றார். நம்பினேன் என்று சொல்ல முடியாது. அவர் போனதும் மறுபடியும் ஒரு கோப்பை தண்ணீர் குடித்துப் பார்த்தேன்.

மகேஸ்வரி சொன்னது பொய் என்று மறுநாள் தங்கவேல் வந்தபோது தெரிந்தது. அவருக்கு மறைக்கத் தெரியாது. "முன்னங்காலும் விழுந்திருச்சு மாப்ள. ரெண்டு நாளா வாயில ஒண்ணும் எறங்கல. தங்கச்சிதான் கையுறையப் போட்டுக்கிட்டு மடியில போட்டு, மாத்திரையக் கரைச்சு ஊசிக் குழாயால ஊத்துது. நான் பிடிச்சுக்கிறேன். சுடுதண்ணிப் போத்தல் வச்சிருக்கோம். சாக விடமாட்டோம், நீங்க யோசிக்காதீங்க." கடிக்கும் என்று தெரிந்தே அந்த வாயை இரண்டு பேரும் திறந்திருக்கிறார்கள். எனக்காக.

அந்த மூன்று நாட்கள் லயத்தில் யாரும் சத்தமாகப் பாட்டுப் போடவில்லையாம், ஜூலி திடுக்கிட்டு அலறும் என்பதால். ஒரு வீட்டிலிருந்து பசும்பால், ஒரு வீட்டிலிருந்து மீன் டின், தோட்டத்து டிஸ்பென்சரியிலிருந்து பஞ்சு. பெற்ற பிள்ளைக்குக்கூட லயத்தில் இப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

பதினோராம் நாள் வீடியோவில் ஜூலி தலையைத் தூக்கியது. பன்னிரண்டாம் நாள் தானாகப் பால் குடித்தது. என் காய்ச்சலும் விட்டது, கை வற்றியது. பதினாலாம் நாள் ஆஸ்பத்திரி டிக்கட்டை வெட்டி என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். கடைக்காரர் எழுந்து நின்று கும்பிட்டார். டாக்டர், "நாய் இருக்குத்தானே?" என்று கடைசியாக ஒருதரம் கேட்டுச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் கொட்டிலுக்குப் போனேன். ஜூலி சாக்கின் மேல் படுத்திருந்தது. எலும்பும் தோலும். என்னைக் கண்டதும் முன்னங்கால்களை ஊன்றி எழும்பப் பார்த்தது. வாலின் நுனி அசைந்தது. அந்த வால் இரண்டு கிழமைக்கும் மேலாக அசையாதது. எனக்குத் தொட்டுத் தடவ வேண்டும் போலிருந்தது, ஆனால் பயம். "இருடி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் கோயிலில் பொங்கல். லயமே திரண்டது. தங்கவேல் பதினைந்து நாள் தாகத்தையும் ஒன்றாகத் தீர்த்துக்கொண்டு என் தோளில் சாய்ந்து அழுதார். அதற்கு அடுத்த நாள் மச்சான் வீட்டில் விருந்து. பிறகு மழை பிடித்துக்கொண்டது. மகேஸ்வரி கொழுந்துக்குப் போக ஆரம்பித்தாள், நிரோஷாவுக்குத் தவணைப் பரீட்சை, தனிவகுப்பு முடிந்து இருட்டித்தான் வருவாள். நான் கையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, நலம் கேட்டு வருகிறவர்களுக்குக் கதை சொல்லிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். கொட்டில் எனக்கு இருபதடி பின்னால் இருந்தது.

பதினெட்டாம் நாள் கோவா பறிக்கப் போனபோதுதான் பார்த்தேன். கயிறு எவ்வளவு தூரம் விடுமோ அவ்வளவு தூரம் வீட்டுப் பக்கமாக இழுத்துக்கொண்டு வந்து செத்துக் கிடந்தது. சட்டியில் தண்ணீர் இல்லை.

"நீங்க வீட்டுலதானே இருந்தீங்க, வச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றாள் மகேஸ்வரி. அவள் காலையில் வைத்துவிட்டுப் போயிருப்பாள் என்று நான் நினைத்தேன். அம்மா வைப்பாள் என்று நிரோஷா நினைத்தாள். அயலவர்கள் யாரும் எதுவும் நினைக்கவில்லை, அவர்களுடைய நேர்த்தி முடிந்துவிட்டது. மாத்திரை அட்டை அலுமாரி மேல் இருந்தது. பசியில் செத்ததா, மாத்திரை நின்றதில் செத்ததா என்று யாரும் சொல்ல முடியாது. தங்கவேல் மண்வெட்டி எடுத்து வந்து கோவாப் பாத்திக்கு அப்பால் புதைத்தார். ஐஸ் பெட்டி, கொழும்பு என்று ஒருவரும் பேசவில்லை. அந்தத் தலை இனி யாருக்கும் தேவைப்படவில்லை. நிரோஷா இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை கால்நடை டாக்டர் எனக்குப் போன் எடுத்தார். நிரோஷா கொடுத்த நம்பரை வைத்திருந்திருக்கிறார்.

"தபால் மாத்தயா, பதினாலு நாள் முடிஞ்சது தானே? உங்களுக்கு நல்லம், பயம் இல்ல. ஜூலி எப்படி?"

இத்தனை நாளில் எத்தனையோ பேர் என்னிடம் இதைக் கேட்டிருந்தார்கள். அந்த நாய்க்காகக் கேட்டவர் இவர் ஒருவர்தான். மகேஸ்வரி கொழுந்துக் கூடையைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

"நல்லாருக்குங்க மிஸ்."

"எழும்புதா?"

"எழும்புதுங்க. வாலாட்டுது. ரெண்டடி நடக்குது."

அந்தப் பக்கம் அவர் யாரிடமோ சிங்களத்தில் சந்தோஷமாகச் சொல்வது கேட்டது. பிறகு என்னிடம், "இந்த வருத்தம் வந்த நாய் பொழைக்கிறது நான் இதுக்கு முன்னாடி பாத்தது இல்ல. நீங்க எல்லாரும் எவ்வளவு நல்லா பாத்துக்கிட்டீங்க! செவ்வாய்க்கிழமை வந்து பாக்கிறேன். மாத்திரை மிச்சம் இருக்கு தானே?" என்றார்.

"இருக்குங்க மிஸ்" என்றேன். நான் அவரிடம் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.